ஆளில்லாப் போர்க்கலங்கள்: நான்கு வழிகளில் எதற்கு முதலில் பணம்?

கருங்கடலில் நடந்ததைப் பார்த்த பிறகு, 'நமக்கும் ஆளில்லாப் படகுகள் வேண்டும்' என்று நினைக்காத கடற்படைத் தலைமையகம் உலகில் அதிகம் இருக்காது. 2024 பிப்ரவரி 1 அன்று ரஷ்யாவின் இவானோவெத்ஸ் ஏவுகணைக் கப்பல், பிப்ரவரி 14 அன்று த்செசார் குனிகோவ் தரையிறக்கக் கப்பல், மார்ச் 5 அன்று செர்கேய் கோத்தொவ் ரோந்துக் கப்பல் என்று ஐந்து வாரத்துக்குள் மூன்று கப்பல்கள் மூழ்கின. மூழ்கடித்தவை ஆறு மீட்டர்கூட நீளமில்லாத படகுகள். அவற்றை அனுப்பிய உக்ரைனோ, தன் முதன்மைப் போர்க்கப்பல் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று போரின் தொடக்கத்திலேயே அதைத் தானே மூழ்கடித்துவிட்ட நாடு.

வேண்டும் என்பது சரி, எது வேண்டும் என்பதில்தான் குழப்பம். ஆளில்லா மேற்பரப்புக் கலம் என்ற ஒரே பெயருக்குள் 5.5 மீட்டர் வெடிபடகும் வருகிறது, 55 மீட்டர் கப்பலும் வருகிறது. இரண்டையும் கட்டும் இடம் வேறு, ஓட்டும் ஆட்கள் வேறு, பழுதாகும் விதமும் வேறு. நடுத்தர அளவுள்ள ஒரு கடற்படை அடுத்த பத்தாண்டுக்கான பணத்தைப் பிரிக்க உட்கார்ந்தால், அதன் முன்னால் நான்கு வழிகள் இருக்கும். மோதி வெடிக்கும் சிறு படகு, கண்ணிவெடி தேடும் படகு, நாள்கணக்கில் கடலில் நின்று வேவு பார்க்கும் கலம், ஏவுகணை சுமக்கும் பெரிய ஆளில்லாக் கப்பல். வேகம், தூரம், சுமை என்று அட்டவணை போட்டு இவற்றை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தொடர்பு அறுந்து இன்ஜினும் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நான்கிடமும் கேட்டுப் பார்க்கலாம். வரிசை தானாகவே வந்துவிடும்.

மோதி வெடிக்கும் படகு

இது புது யோசனை இல்லை. ரேடியோவால் இயங்கும் சிறு படகை நிக்கோலா டெஸ்லா 1898-இலேயே நியூயார்க்கில் ஓட்டிக் காட்டினார். முதல் உலகப் போரில் ஜெர்மனி, கரையிலிருந்து கம்பி வழியாக இயக்கும் வெடிபடகுகளை வைத்திருந்தது. அதில் ஒன்று 1917 அக்டோபரில் பிரிட்டனின் எரபஸ் கப்பல் மேல் மோதியது. 1941 மார்ச் 26 அன்று கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் இத்தாலியர்கள் யார்க் என்ற பிரிட்டிஷ் க்ரூஸர் போர்க்கப்பலை முடக்கியதும் வெடிபடகால்தான். அதில் ஓட்டுநர் கடைசி நேரத்தில் தண்ணீரில் குதித்துவிடுவார். இன்றைக்கு மாறியிருப்பது, ஓட்டுநர் சில நூறு கிலோமீட்டர் தள்ளி ஓர் அறையில் உட்கார்ந்திருக்கலாம் என்பது. செயற்கைக்கோள் இணையமும் மலிவான கேமராவும் அதைச் சாத்தியமாக்கிவிட்டன.

உக்ரைனின் மகுரா வி5 படகு 5.5 மீட்டர் நீளம். அதிகபட்ச வேகம் 42 நாட் (மணிக்கு ஏறத்தாழ 78 கிலோமீட்டர்), போய்ச்சேரும் தூரம் சுமார் 800 கிலோமீட்டர், சுமை 320 கிலோ என்று சொல்கிறார்கள். 2022 நவம்பரில் இதுபோன்ற படகுகளுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது உக்ரைன் சொன்ன விலை, ஒரு படகுக்கு ஏறத்தாழ 2.5 லட்சம் டாலர். தொடர்பு அறுந்தால் ஒரு படகு போகும், அவ்வளவுதான். ஐந்தாறு படகுகளைக் கூட்டமாக அனுப்பினால் ஒன்றிரண்டு சேர்ந்தால் போதும். இன்ஜின் ஒரே ஒரு பயணத்துக்குத் தாங்கினால் போதும், பராமரிப்பு என்ற பேச்சே இல்லை. என் கேள்விக்கு இதைவிட எளிதாக வேறு எதுவும் பதில் சொல்ல முடியாது.

அப்படியென்றால் எல்லாப் பணத்தையும் இதிலேயே போட்டுவிடலாமே? அங்கேதான் கருங்கடலின் தனித்தன்மையைப் பார்க்க வேண்டும். உக்ரைன் கரையிலிருந்து ரஷ்யக் கடற்படை நின்ற செவஸ்தபோல் துறைமுகம் சில நூறு கிலோமீட்டர்தான். 1936-ஆம் ஆண்டின் மோன்ட்ரோ உடன்படிக்கையின்படி துருக்கி தன் நீரிணைகளைப் போர்க்கப்பல்களுக்கு அடைத்துவிட்டதால், மூழ்கிய கப்பலுக்குப் பதில் வேறொன்றை ரஷ்யா வெளியிலிருந்து கொண்டுவர முடியவில்லை. போர் நடந்த நீர்ப்பரப்பில் மீன்பிடிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் பெரும்பாலும் இல்லை. எனவே எதிரே தெரிவது இலக்கா அப்பாவியா என்று தயங்கும் நேரமும் குறைவு. எதிரியின் துறைமுகம் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருந்தால், இடையில் ஆயிரக்கணக்கான மீனவர்கள் தொழில் செய்தால், இதே படகு அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளாது.

இன்னொன்று, படகின் கண். தண்ணீருக்கு ஒரு மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால் அடிவானம் மூன்றரைக் கிலோமீட்டர்தான். அலை எழும்பினால் அதுவும் இல்லை. இலக்கு எங்கே நிற்கிறது என்பதை வேறு யாராவது, செயற்கைக்கோளோ விமானமோ, சொல்லித்தான் ஆக வேண்டும். படகின் விலையை மட்டும் பார்த்து ஏமாறுபவர்கள் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதிரியும் சும்மா இருக்கமாட்டான். ரஷ்யா துறைமுக வாயில்களில் மிதவைத் தடுப்புகளை நிறுத்தியது, ஹெலிகாப்டர்களை ரோந்துக்கு விட்டது, முக்கியக் கப்பல்களைக் கருங்கடலின் கிழக்குக் கரையிலுள்ள நொவராசீஸ்க் துறைமுகத்துக்கு மாற்றியது. பதிலுக்கு உக்ரைன் படகின் மேல் ஏவுகணையை ஏற்றியது. 2024 டிசம்பர் 31 அன்று ஆர்-73 ஏவுகணையால் எம்ஐ-8 ஹெலிகாப்டர், 2025 மே 2 அன்று சைட்விண்டர் ஏவுகணையால் சுகோய்-30 போர் விமானம் என்று விழுந்தன. ஆனால் இப்படி ஒவ்வொன்றாக ஏற்ற ஏற்ற, தொலைந்தால் கவலையில்லை என்ற அடிப்படைச் சாதகம் கரைந்துகொண்டே போகிறது.

இந்த ஆயுதம் பொதுவாகப் பலம் குறைந்தவன் பக்கம் சாய்கிறது. கடல் வழிகளைப் பாதுகாப்பது ஒரு கடற்படையின் முதல் வேலை என்றால், அது வெடிபடகைப் பயன்படுத்தும் நாட்களைவிட எதிர்கொள்ளும் நாட்கள்தான் அதிகம். 2017 ஜனவரி 30 அன்று சவூதியின் அல் மதீனா என்ற ஃபிரிகேட் போர்க்கப்பலையும், 2024 ஜூன் 12 அன்று செங்கடலில் ட்யூட்டர் என்ற சரக்குக் கப்பலையும் யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் தாக்கியது இப்படிப்பட்ட படகுகளால்தான். ட்யூட்டர் சில நாட்களில் மூழ்கிப்போனது. ஆகவே தாக்கும் எண்ணமே இல்லாத கடற்படையும் இதில் ஒரு சிறு தொகுதியைக் கட்டியாக வேண்டும், தன் பீரங்கிக்காரர்களுக்கு இலக்காகவாவது. 40 நாட் வேகத்தில் இரவில் வளைந்து வளைந்து வரும் படகைச் சுட்டுப் பழகாத கப்பலுக்குக் கவசம் எத்தனை தடிமனாக இருந்தும் பயனில்லை.

கண்ணிவெடி வேலை

செய்திகளில் அதிகம் அடிபடாத, ஆனால் மற்ற மூன்றையும்விடக் கனிந்துவிட்ட வழி இது. காரணம் எளிது: இதில் மனிதனை வெளியே எடுப்பதால் கிடைக்கும் லாபம் வெளிப்படையானது. 1950 அக்டோபர் 12 அன்று கொரியாவின் வொன்சான் துறைமுகத்துக்கு வழி திறக்கப் போன அமெரிக்கக் கண்ணிவாரிகள் பைரட், ப்ளெட்ஜ் இரண்டும் ஒரே நாளில் கண்ணியில் சிக்கி மூழ்கின. 1988 ஏப்ரலில் பாரசீக வளைகுடாவில் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க ஃபிரிகேட்டின் அடியைப் பிளந்தது 1908-ஆம் ஆண்டு வடிவமைப்பைச் சேர்ந்த ஒரு கண்ணி. மிகப் பழைய, மிக மலிவான ஆயுதத்தை அகற்ற, மிக விலையுயர்ந்த கப்பலையும் நாற்பது ஐம்பது பேரையும் கண்ணிகள் விதைத்த அந்த வயலுக்குள்ளேயே அனுப்ப வேண்டியிருந்தது. காந்தக் கண்ணிக்குத் தெரியக் கூடாதென்று மரத்திலும் கண்ணாடியிழையிலும் கப்பல் கட்டினார்கள். அதனால் செலவு இன்னும் ஏறியது.

ஆளில்லாப் படகு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. தாய்க்கப்பல் வயலுக்கு வெளியே நிற்கும். 12 மீட்டர் படகு ஒன்று உள்ளே போய், ஒலியால் நீருக்கடியில் தேடும் சோனார் கருவியை இழுத்துக்கொண்டு கோடு கோடாக உழும். சந்தேகமான பொருள் தெரிந்தால் சிறிய நீரடிக் கருவியை இறக்கிச் சரிபார்த்து வெடிக்கச் செய்யும். பெல்ஜியமும் நெதர்லாந்தும் 2019-இல் ஒப்பந்தம் போட்டு ஆளுக்கு ஆறாகப் பன்னிரண்டு தாய்க்கப்பல்களை வாங்குவது இந்த முறைக்காகத்தான். பிரிட்டனும் பிரான்சும் கூட்டாக வேறொரு தொகுப்பை உருவாக்கியிருக்கின்றன.

இப்போது என் கேள்வியைக் கேளுங்கள். தொடர்பு அறுந்தால்? படகு மெதுவாகத்தான் போகிறது, போக வேண்டிய கோடுகள் முன்பே ஏற்றப்பட்டவை. கோட்டை முடித்துவிட்டுத் திரும்பலாம், அல்லது நின்ற இடத்திலேயே காத்திருக்கலாம். இன்ஜின் நின்றால்? தாய்க்கப்பல் அடிவானத்துக்குள்தான் இருக்கிறது, இன்னொரு படகை அனுப்பிக் கட்டி இழுத்து வரலாம். படகில் 2 மீட்டர், கப்பலில் 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் நேரடி ரேடியோவே ஏறக்குறைய 26 கிலோமீட்டருக்கு எட்டும். இந்த வேலைக்குச் செயற்கைக்கோளே தேவைப்படாமல் போகலாம். யாரைச் சுடுவது என்று படகே முடிவெடுக்க வேண்டிய சிக்கலும் இதில் கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. ஓர் இரவு சோனார் ஓட்டினால் குவியும் படங்களை ரேடியோவில் முழுதாக அனுப்ப முடியாது, படகிலேயே அலசியாக வேண்டும். கடற்படுகையில் கிடக்கும் பழைய நங்கூரத்தையும் கண்ணியையும் பிரித்தறியும் நிரல், அந்தந்த நாட்டுக் கடற்படுகையிலேயே பழகினால்தான் தேறும். இன்னொருவரிடம் வாங்கிய நிரல் மணற்படுகையில் ஜோராக வேலை செய்துவிட்டு, சேறும் பாறையும் கலந்த இடத்தில் திணறும். அலை கூடினால் படகைத் தாய்க்கப்பலுக்குத் திரும்ப ஏற்றுவதுதான் மொத்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். கிரேன், சாய்தளம், பிடிப்புத் தொட்டில் என்று அதற்கே தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வேவு பார்க்கும் கலம்

இதில் இரண்டு துருவங்கள். ஒரு பக்கம் செய்ல்ட்ரோன் போன்ற காற்றாலும் சூரிய ஒளியாலும் மாதக்கணக்கில் மிதக்கும் 7 மீட்டர் கலம். மறுபக்கம் 2016-இல் வந்த அமெரிக்காவின் சீ ஹண்டர், 40 மீட்டர் நீளமும் பக்கத்துக்கொன்றாக இரு துணை உடல்களும் கொண்ட கப்பல், நீர்மூழ்கிகளைத் துரத்த வடிவமைத்தது. சீ ஹண்டரை ஒரு நாள் ஓட்ட 15,000 முதல் 20,000 டாலர், நாசகாரிக் கப்பல் ஒன்றுக்கு 7 லட்சம் டாலர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இந்த ஒப்பீட்டை நான் முழுதாக ஏற்கவில்லை. நாசகாரி செய்யும் இருபது வேலைகளில் ஒன்றைத்தான் இது செய்கிறது. ஆனால் அந்த ஒரு வேலை, வெறுமனே அங்கே நின்று பார்ப்பது, நாசகாரியின் நேரத்தை அதிகம் தின்னும் வேலை.

சீ ஹண்டர் சான் டியாகோவிலிருந்து பேர்ல் ஹார்பருக்குத் தானாகவே போய்த் திரும்பியதாக 2019 தொடக்கத்தில் செய்தி வந்தது. அதே அறிவிப்பில் ஒரு சின்ன விலக்கும் இருந்தது: மின்சாரத்தையும் உந்துவிசை அமைப்பையும் சரிபார்க்கத் துணைக்கப்பலிலிருந்து ஆட்கள் சிறிது நேரம் ஏறியிறங்கினார்கள். வழி கண்டுபிடிப்பதில் கணினி தேறிவிட்டது, இன்ஜின் அறையில் இன்னும் இல்லை என்று அதற்குப் பொருள்.

செய்ல்ட்ரோனின் பலவீனம் வேறு. 2021-இல் பஹ்ரைனில் தொடங்கிய அமெரிக்கக் கடற்படையின் பணிக்குழு 59 இவற்றை வளைகுடாவில் மிதக்க விட்டது. 2022 ஆகஸ்ட் கடைசியில் ஈரானியக் கப்பல் ஒன்று கயிறு கட்டி ஒன்றை இழுத்துக்கொண்டே போனது. அமெரிக்கக் கப்பலும் ஹெலிகாப்டரும் வந்த பிறகுதான் விட்டது. அடுத்த சில நாட்களிலேயே செங்கடலில் இன்னும் இரண்டைத் தூக்கி மேல்தளத்தில் வைத்துக்கொண்டார்கள், மறுநாள் திருப்பித் தந்தார்கள். ஆளிருக்கும் கப்பலைத் தொட்டால் போர், ஆளில்லாததைத் தொட்டால் கடிதப் போக்குவரத்து. எதிரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

சட்டமும் இங்கே உதவிக்கு வருவதில்லை. 1982 கடல் சட்ட உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, போர்க்கப்பல் என்றால் அதிகாரி ஒருவரின் தலைமையில், படை ஒழுங்குக்கு உட்பட்ட மாலுமிகளோடு இருப்பது என்கிறது. மாலுமியே இல்லாதது போர்க்கப்பலா என்று சட்ட அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1972 மோதல் தவிர்ப்பு விதிகளின் 5-ஆம் விதி கண்ணாலும் காதாலும் எப்போதும் கவனித்திருக்கச் சொல்கிறது. கேமராவும் மைக்கும் போதுமா என்பது இன்னொரு வாதம்.

அதனால் வேவுக் கலத்தை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது நல்லது. பணிக்குழு 59-இன் செய்ல்ட்ரோன்களும் நிறுவனத்துக்குச் சொந்தமானவை, நிறுவனமே ஓட்டியவை. தொழில்நுட்பம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும் காலத்தில் இருபது வருடச் சொத்தாக இதை வாங்கிக் குவிப்பது வீண். ஒரே நிபந்தனை, திரட்டும் தகவல் கடற்படையின் சர்வரிலேயே இருக்க வேண்டும்.

பெரிய கப்பல்

ஏவுகணைக் குழாய்களோடு ஆளில்லாக் கப்பல் ஒன்று படையணியின் பின்னால் வந்தால், அதிகாரிகள் உள்ள கப்பலிலிருந்து பொத்தானை அழுத்திச் சுடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் ரேஞ்சர் கப்பல் எஸ்எம்-6 ஏவுகணையை ஏவியும் காட்டியது. ரேஞ்சரும், நோமாட் என்ற இன்னொரு ஆளில்லாக் கப்பலும் மெக்சிகோ வளைகுடாக் கரையிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு 4,400 கடல் மைலுக்கு மேல் ஓடின. பெரும்பகுதி தன்னியக்கம்தான், பனாமா கால்வாயில் மட்டும் மனிதர்கள் ஓட்டினார்கள்.

ஆனால் அமெரிக்க நாடாளுமன்றமே இதில் பிரேக் போட்டது. பெரிய ஆளில்லாக் கப்பல்களுக்குப் பணம் தருவதற்கு முன்னால், அவற்றின் இன்ஜினும் மின்னாக்கியும் 720 மணி நேரம், அதாவது முப்பது நாள், கை வைக்காமல் தொடர்ந்து ஓடிக் காட்ட வேண்டும் என்று சட்டத்தில் எழுதினார்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் எழுதப்பட்ட மிகப் புத்திசாலித்தனமான வரி அதுதான். கப்பலின் டீசல் இன்ஜினைச் சுற்றி எப்போதும் ஒரு ஆள் உண்டு. எரிபொருளில் தண்ணீர் கலந்தால் வடிப்பார், ஃபில்டர் அடைத்தால் மாற்றுவார், எண்ணெய் தீய்ந்த வாடை வந்தால் மூக்கால் கண்டுபிடிப்பார். மூக்குக்கு ஈடான சென்சார் மலிவாகக் கிடைப்பதில்லை.

இதற்கு அடியிலிருந்தே விடை தேடும் முயற்சி அமெரிக்காவின் டிஃபையன்ட். 55 மீட்டர், 240 டன். படுக்கை, கழிவறை, நடைபாதை எதுவும் இல்லாமல், மனிதன் ஏறவே மாட்டான் என்று வைத்துக்கொண்டு வரைந்த கப்பல். இது வெற்றி பெற்றால் விளைவு பெரிது. அதுவரை, ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு நடுத்தரக் கடற்படை இதைப் பின்தொடர்ந்து ஓட வேண்டியதில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள ஏவுகணைகளை வைத்துக்கொண்டு நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன ஒரு கப்பலை யார் முதலில் போய்ச் சேர்வது, நாமா எதிரியா? என் கேள்விக்கு இந்த வழி தரும் பதில்தான் மிக மோசமானது.

புதிதாகக் கட்டுவதா, பழையதை மாற்றுவதா

நான்குக்கும் பொதுவான ஒரு குறுக்குவழி உண்டு. இருக்கும் ரோந்துப் படகில் தன்னியக்கக் கருவித் தொகுப்பைப் பொருத்தி, ஆளோடும் ஓட்டலாம், ஆளில்லாமலும் ஓட்டலாம் என்று வைத்துக்கொள்வது. மனிதனுக்கான அறையும் ஏசியும் அப்படியே இருப்பதால் இடமும் எடையும் வீண் என்று இதைக் குறை சொல்வார்கள். உண்மைதான். ஆனால் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஆளை ஏற்றிக்கொள்ளலாம், சோதனையில் நிரல் தடுமாறினால் சுக்கானைப் பிடிக்க ஒருவர் இருப்பார். முதல் மூன்று நான்கு வருடத்துக்கு இந்த வசதி விலைக்குத் தகுந்தது. போர்க் கருவியாக அல்ல, பழகும் கருவியாக.

படகின் கூட்டை யார் கட்டினாலும் சரி, கட்டுப்பாட்டு மென்பொருளின் உரிமையை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கண்ணிவெடிப் படகுக்கு ஒரு திரை, வேவுக் கலத்துக்கு இன்னொரு திரை, வெடிபடகுக்கு மூன்றாவது என்று மூன்று நிறுவனங்களிடம் மாட்டிக்கொண்டால், மூன்று தனித்தனிப் பயிற்சிப் பள்ளிகளும் வேண்டியிருக்கும். தாமதத்தின் கணக்கும் இதில் அடங்கும். 36,000 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள் வழியாகக் கட்டளை போய்ப் பதில் வர அரை விநாடி. 40 நாட் வேகப் படகு அதற்குள் பத்து மீட்டர் நகர்ந்திருக்கும். எந்த முடிவைப் படகே எடுக்க வேண்டும், எதற்கு மனிதனைக் கேட்க வேண்டும் என்ற கோட்டை வரைவது மென்பொருள்தான். அந்தக் கோட்டை வெளியாள் வரைந்து தரக் கூடாது.

பணத்தைப் பிரிக்கச் சொன்னால் நான் பாதிக்கு மேல் கண்ணிவெடிப் படகுகளிலும் அவற்றின் ஏற்றியிறக்கும் ஏற்பாட்டிலும் போடுவேன். அடுத்து வேவுக் கலங்களுக்கு வாடகை. வெடிபடகில் ஒரு சிறு அணி, முதலில் சொந்தக் கப்பல்களைச் சோதிக்க. எதிரியின் துறைமுகம் நிஜமாகவே படகு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் இந்த அணியை வளர்த்துக்கொண்டே போகலாம். பெரிய கப்பலுக்கு இப்போதைக்குக் கரையில் ஓர் இன்ஜின் சோதனைத் தளம் போதும்: கூடு வேண்டாம், ஏவுகணை வேண்டாம், பூட்டிய அறைக்குள் ஒரு டீசல் இன்ஜினும் ஒரு மின்னாக்கியும். அந்தக் கதவு 720 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்த பிறகு மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம்.